பள்ளியும் குரத்தியும்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதன்முதல் கற்பிக்கப்பெற்ற முறை. அம்முறைப்படி, நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லை முதற்கண் எடுத்துக்கொள்வோம். "பள்ளிக்கு நேரமாயிற்று" என்று காலையில் பிள்ளையை விரைவுபடுத்தாத தாயார் எவரும் இலர். ஆயின் பள்ளி என்னும் சொல்லின் முதற்பொருள் படிக்கும் இடம் அன்று, படுக்கும் இடம்.

ஐயம் வேண்டா. அரசன் துயிலும் அறை பள்ளியறை. இறைவனைத் துயிலுணர்த்தப் பாடுவது திருப்பள்ளியெழுச்சி. திருமால் அரவணைமேல் பள்ளி கொள்கின்றார். அங்ஙனமாயின் துயிலும் இடம் கற்கும் இடமாக மாறியது எவ்வாறு? (பிற்பகல் வகுப்பில் உறங்கும் மாணாக்கரைக் காட்டி இதற்கு விடை கூறுவோர் உளர். அவ்விடை தேர்வில் செல்லாது.) உண்மையான விடை நம் நாட்டு மலைக்குகைகளில் வெட்டப்பட்டிருக்கின்றது.

மழைக்காலத்தில் மண்ணெங்கும் சிற்றுயிர்கள் பெருகும். அவற்றை மிதித்தல் ஆகாது என்பதனால் நம் முனிவர்கள் அந்நாள்களில் ஊர் ஊராகச் செல்லுதலைத் தவிர்த்து ஓரிடத்தே தங்குவர். அவர்களுக்காக இயற்கைக் குகைகளில் பாறையை வழவழப்பாகச் செதுக்கி, தலைப்பக்கம் சற்றே உயர்த்திப் படுக்கைகள் அமைத்தனர். மழைநீர் உள்ளே வழியாதவாறு குகையின் நெற்றியில் விளிம்பும் வெட்டினர். மதுரையை அடுத்த மாங்குளத்து மலையில், பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் ஒருவர் கணி நந்தன் என்னும் துறவிக்கு இவ்வாறு அமைத்துக் கொடுத்ததைத் தமிழ்-பிராமி எழுத்தில் பொறித்துள்ளனர். அப்பொறிப்பிலேயே 'பளி' என்னும் சொல் நிற்கின்றது. இத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட தம் பெருநூலில் மாங்குளத்துப் பொறிப்புகளைக் கி. மு. 2-ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். அதற்கும் முந்தியவை என்பாரும் உளர்.

துறவியர் தங்கிய இடத்தை நாடி, அறம் கேட்கவும் எழுத்தறியவும் ஊரார் வந்தனர். படுக்கையைக் குறித்த சொல் தங்குமிடத்தைக் குறித்து, பின்னர் அங்கு நிகழ்ந்த கல்வியையும் குறிக்கலாயிற்று. பள்ளியைச் சார்ந்த கூடம் பள்ளிக்கூடம் ஆயிற்று. பள்ளிக்கு விடப்பட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம். நம்மவர் பலரும் வழிபடச் செல்லும் திருமலையில், குந்தவை ஜினாலயத்திற்கு விளக்கு வைத்த செய்தியைக் கூறும் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, வைகாவூரைப் பள்ளிச்சந்தம் என்றே குறிக்கின்றது. பௌத்தத் துறவியரின் உறைவிடமும் பள்ளி எனவே வழங்கிற்று. ஆதலின் இச்சொல் நமக்கு மட்டுமே உரியதென வழக்காடுதல் முறையன்று. இசுலாமியர் தம் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்பர். கேரளக் கிறித்தவர் தம் கோயிலைப் பள்ளி என்பர். எத்தனை சமயத்தார்க்கு இடமளித்த சொல், பாருங்கள்!

எல்லாச் சொற்களும் இவ்வாறு நற்பேறு பெறவில்லை. 'அம்மணம்' என்னும் சொல்லை ஏளனமாகக் கேட்டு முகம் சுருங்கும் நம் பிள்ளைகள் அதன் வரலாற்றை அறிதல் நன்று. சிரமண என்பது 'சிரமம்' என்பதனோடு உடன்பிறந்த சொல். பாடுபட்டு நோற்பவர் என்பது அதன் பொருள். சகசிரம் ஆயிரம் ஆனதும், சிராவணம் ஆவணி ஆனதும், சபை அவை ஆனதும் போல, முதலிலுள்ள சகரம் நீங்கி, சமணர் தமிழில் அமணர் ஆயினர். கரூரை அடுத்த புகளூர்க் குகைப் பொறிப்பிலேயே இவ்வடிவம் உண்டு. திசையையே ஆடையாகக் கொண்ட முனிவரைக் கண்டவர்கள் அவர்தம் பெயரையே ஆடையின்மைக்கும் பெயராக்கினர். உழைப்பைக் குறித்த சொல் உடையின்மையைக் குறித்தது இங்ஙனமே. இதில் நாணுதற்கு யாதொன்றும் இல்லை.

சாரணர் என்னும் சொல்லையும் ஒரு வரியில் கூறிவிடலாம். நம் நூல்களில் வான்வழிச் செல்லும் ஆற்றல் பெற்ற முனிவர் சாரணர். இன்று சீருடை உடுத்து, கழுத்தில் துணி முடிந்து நிற்கும் மாணவரும் சாரணரே. இயங்குதல் என்னும் பொருளுடைய ஒரே வேரினின்று இரண்டும் வந்தன.

இனி, நான் மிகவும் விரும்பும் சொல்லுக்கு வருகின்றேன். அது குரத்தி. இதனை வல்லின றகரமிட்டுப் படித்து, மலைக்குறவர் மகளிர் என்று பொருள் கொள்வோர் பலர். பிழை. இஃது இடையின ரகரம். குரவர் என்றால் ஆசான். அதன் பெண்பால் குரத்தி. கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழுள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளில் திருமேனி செய்வித்தோராகக் குரத்தியர் பலர் இடம்பெறுகின்றனர். மாணாக்கன் என்பதற்கு இணையாக 'மாணாக்கி' என்னும் சொல்லும் அங்கே வழங்குகின்றது. ஓர் எழுத்து மாறின், ஆயிரம் ஆண்டுகட்கு முன் கற்பித்த பெண்மணி ஒருவர் வரலாற்றினின்றே மறைந்துபோகின்றார். எழுத்துப் பிழைக்கு நான் மதிப்பெண் குறைத்ததைக் கடுமை என்று கூறிய பெற்றோர் இதனைக் கருத வேண்டும்.

ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில், முதலாம் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 945 அளவில், திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியடிகள் கிணறு ஒன்றை அமைத்தார். அதனைச் சார்ந்த இடம் பெண்பள்ளி என்று கல்வெட்டில் குறிக்கப்பெறுகின்றது. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் கல்வெட்டு இதற்கும் முந்தியது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரையும், அவருடைய மாணாக்கர் ஐந்நூற்றுவரையும் உணவளித்துக் காத்தல் தம் பொறுப்பென அவ்வூரார் அதில் ஒப்புக்கொண்டுள்ளனர்.

ஆசிரியை என்பது பிற்காலத்து வழக்கு. குரத்தி என்னும் சொல்லோ பேச்சினின்று நீங்கிக் கல்லில் மட்டும் எஞ்சியுள்ளது. பாறைகள் உடைபடும் இந்நாளில் அக்கல்லுக்கும் உறுதியில்லை. அடுத்த விடுமுறையில் திருமலைக்கோ கழுகுமலைக்கோ செல்லும் குடும்பத்தார், பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, அறிவிப்புப் பலகையில் அச்சொல் எந்த ரகரத்தில் எழுதப்பட்டுள்ளது என்று பார்த்துவரச் செய்க. பிழையிருப்பின் அங்குள்ள காப்பாளரிடம் பணிவுடன் தெரிவிக்கவும் சொல்லுக.