ஒரு காது வெளியே

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடி ஊரடங்கு போட்டபோது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். பாடம் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். இலங்கையின் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களது. லயத்து வரிசை வீட்டுக் காம்பராவுக்குள் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. ஏழாம் நம்பர் மலைக்கு மேலே ஒரு பாறை உண்டு, அங்கே ஏற வேண்டும். அடுத்த வருடம் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் பாறையேறிப் படித்த படங்கள் வெளிநாட்டுச் செய்திகளில் வந்தபோது அம்மா பெருமையாகப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாதி நாள் நான் ஏறியது போனில் ஃப்ரீ ஃபயர் விளையாட.

பப்ஜி எங்கள் போன்களில் ஓடாது. அதில் 100 பேர், ஒரு மேட்ச் அரை மணி நேரம். ஃப்ரீ ஃபயரில் 50 பேர்தான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும், மலிவுப் போனும் தாங்கும். தோட்டத்துப் பையன்கள் அதில் விழுந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். ரசனை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

மழைக்காலத்தில் பாறையில் அட்டை ஏறும். ஒரு நாள் கடைசி வட்டத்தில் நான்கு பேர் மிச்சம். கணுக்காலில் சில்லென்று ஏதோ நகர்கிறது. இரண்டு பெருவிரலும் திரையில் இருக்கின்றன, ஒன்றை எடுத்தாலும் செத்தோம். எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டுக் குனிந்தால், அட்டை கடித்துக் குடித்துக்கொண்டிருந்தது, பிய்த்தெறிந்ததும் ரத்தம் செருப்பு வரை வழிந்தது. கொழுந்தெடுக்கப் போகுமுன் அம்மா காலில் சவர்க்காரம் தேய்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவன், அன்றைக்குத்தான் நானும் தேய்க்கத் தொடங்கினேன்.

விளையாட்டில் நாங்கள் சேர்ந்த குழுவான கில்டில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மதுரை, கத்தார் என்று எல்லா இடத்துத் தமிழும் கேட்கும். முதல் கேள்வி எப்போதும் "எந்த ஊர்?" நான் "பதுளை டவுன்" என்பேன். தோட்டம் என்று சொல்ல வாய் வராது. இந்தப் பொய்க்கு விலை இருந்தது. மூடுபனியோடு மழையும் இறங்கினால் பிங் 999 என்று சிவப்பாகும். என் ஆள் சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருப்பான், சுடுகிறவன் சுட்டுவிட்டுப் போவான். "டவுன்ல இருந்துகொண்டு என்னடா லெக்?" என்று ஏச்சு விழும். வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுக்கிறேன் என்று இரண்டு முறை வெளியே தள்ளினார்கள்.

ஒரு காலையில் மைக்கை மூட மறந்துவிட்டேன். தொழிற்சாலைச் சங்கு ஊதியது. கத்தாரில் இரவு வேலை முடிந்து வந்து விளையாடும் அண்ணன் ஒருவர் சட்டென்று கேட்டார்: "தம்பி, அது தோட்டத்துல வேலைக்குப் பிரட்டுக்கு ஊதுற சங்கா?" நான் பேசவில்லை. "நானும் லயத்துலதான் பொறந்தேன்டா, ஹப்புத்தளைப் பக்கம். இதைச் சொல்றதுக்கு என்ன?" அன்றிலிருந்து மேட்ச் தொடங்குமுன்பே சொல்லிவிடுவேன்: "மழை இறங்குது, நான் போனாலும் போவேன்." ரேங்க் ஏற்றும் ஆட்டத்துக்கு மழையில் போகவே மாட்டேன். சொல்லிவிட்டு விழுந்தால் யாரும் ஏசுவதில்லை, ஓடிவந்து தூக்கிவிடுகிறார்கள்.

காசு விஷயத்தில் நான் ஒரு முட்டாள். விளையாட்டுக்குள் செலவழிக்கும் டயமண்ட் பாதி விலைக்கு என்று ஒருவன் எழுதினான், 1,000 ரூபாய் ரீலோட் அனுப்பினேன், அடுத்த நிமிடம் பிளாக். 2021இல் பெரிய போராட்டத்துக்குப் பிறகு வந்த தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளமும் அதே 1,000தான். எங்கள் தோட்டத்தில் அப்போது 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுச் சம்பளம், குறைந்தால் அரைப்பேர். அந்த ஒரு நிமிடத்தை இன்றும் கிலோவில்தான் கணக்குப் பார்க்கிறேன். டயமண்ட் வாங்குவதென்றால் விளையாட்டுக்குள்ளேயே வாங்குங்கள். போனுக்கு வரும் ஓடிபியை, கில்ட் தலைவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். என் ஸ்குவாட்காரன் கொடுத்து, இரண்டு வருட ஐடி போனது.

வாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பப்ஜி ஆடிக்கொண்டே பெண்களை ஆபாசமாகப் பேசி யூடியூபில் ஒளிபரப்பிய ஒருவர் 2021 ஜூனில் தமிழ்நாட்டில் கைதானார். எங்கள் கில்டில் பாதிப் பேர் அதுவரை அவர் மாதிரியே பேசப் பழகியிருந்தார்கள். மட்டக்களப்புத் தங்கச்சி ஒருத்தி மைக்கைத் திறக்காமலே ஒரு வருடம் ஆடினாள். ஏன் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

2022 பிப்ரவரியில் இந்தியா ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தது. மதுரைக்காரர்களில் சிலர் வேறு பதிப்பில் திரும்பி வந்தார்கள், சிலரைப் பிறகு காணவில்லை. விளையாட்டுக்கு வெளியே ஒரு நம்பர்கூட வாங்கி வைக்காதது எங்கள் தப்பு. அதே வருடம் மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. டவரின் பேட்டரியும் தீர்ந்து பாறையிலும் சிக்னல் செத்தபோது, எல்லோரும் சும்மா அங்கே உட்கார்ந்து நமுனுகுலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாக ஒன்று. ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்களை மூடியது. மழை ராத்திரியில் லயத்தின் மேல் தொங்கலில் யாராவது கத்தினால் கேட்க வேண்டும். தம்பிக்கு இது புரியவில்லை. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் படுத்திருக்கிறான். போகும்போதும் வரும்போதும் ஒன்றை நான் பிடுங்கிவிடுகிறேன், அவன் திரும்ப மாட்டுகிறான்.