ராஜாவின் முத்திரையும் கர்த்தரின் முத்திரையும்

வேத பாடம்: யாத்திராகமம் 1:8-14, 1 தீமோத்தேயு 2:1-4, 2 தீமோத்தேயு 2:19



யோசேப்பை அறிந்த ராஜா இருந்தவரைக்கும் இஸ்ரவேலருக்குக் கோசேனிலே சுகவாழ்வு. யோசேப்பை அறியாத ராஜா எழும்பினான். அதே ஜனங்கள் செங்கல் அறுக்கப் போனார்கள். சபை சரித்திரத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு.

பிரான்ஸ் தேசத்தில் ஹியூகனாட்டுகள் என்னப்பட்ட புராட்டஸ்டண்டு விசுவாசிகள் சிறுபான்மையாயிருந்தார்கள். 1562 முதல் யுத்தத்துக்கு மேல் யுத்தம். 1572 ஆகஸ்டு 24-ல் பாரீஸ் பட்டணத்தில் தொடங்கின படுகொலையிலே ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கடைசியில் 1598-ல் நான்காம் ஹென்றி ராஜா நாண்டஸ் பட்டணத்தில் ஒரு கட்டளை பிறப்பித்தார்.

கட்டளை கொடுத்தது என்ன?

மனச்சாட்சியின்படி விசுவாசிக்கலாம், விசுவாசத்தினிமித்தம் ஒருவரையும் துன்புறுத்தக்கூடாது. குறிப்பிட்ட இடங்களில் வெளியரங்கமாய் ஆராதிக்கலாம். அரசாங்க உத்தியோகம் பெறலாம்; பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் பேதம் காட்டக்கூடாது. ஆனால் பாரீஸ் நகரத்துக்குள் ஆராதனை கூடாது. கத்தோலிக்க சபைக்குத் தசமபாகமும் செலுத்த வேண்டும். முழு விடுதலை இல்லைதான். ஆனாலும் மூச்சுவிட இடம் கிடைத்தது.

இந்தக் கட்டளை என்றென்றைக்கும் மாறாதது என்று எழுதி முத்திரை போட்டார்கள். எத்தனை நாள் நின்றது? 87 வருஷம். ஹென்றியின் பேரன் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் அதை ரத்துபண்ணினார். ஆலயங்களை இடிக்க உத்தரவு. போதகர்கள் 15 நாளுக்குள் தேசத்தைவிட்டுப் போகவேண்டும், விசுவாசிகளோ போகக்கூடாது. தப்பியோடிப் பிடிபட்ட ஆண்கள் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகளானார்கள். அப்படியிருந்தும் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வெளியேறினார்கள்.

மீதியானவர்கள் மலைகளிலும் காடுகளிலும் மறைவாய்க் கூடி ஆராதித்தார்கள். மரி துராண்ட் என்ற வாலிபப் பெண்ணை 1730-ல் பிடித்து, ஏக்மார்த் ஊரின் கோபுரத்தில் அடைத்தார்கள். அண்ணன் மறைவாய் ஊழியஞ்செய்த போதகர், 1732-ல் தூக்கிலிடப்பட்டார். விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவு திறக்கும். அந்த வார்த்தையைச் சொல்லாமலே 38 வருஷம் உள்ளே இருந்து, 1768-ல் வெளியே வந்தார். "எதிர்த்து நில்" என்று பொருள்படும் ஒரு சொல் அந்தக் கோபுரத்துக் கல்லில் இன்னும் இருக்கிறது. அதை அவர்தான் செதுக்கினார் என்று வழிவழியாய்ச் சொல்லுகிறார்கள்.

நாம் கற்றுக்கொள்ளுவது

1. சட்டம் கர்த்தர் தரும் நன்மை. அதற்காக ஸ்தோத்திரம்பண்ணுவோம், அதிகாரிகளுக்காக ஜெபிப்போம். பவுலும் தன் ரோம குடியுரிமையைச் சொல்லிக் கேள்வி கேட்டவர்தானே (அப். 22:25).

2. சட்டம் வேலி, அஸ்திபாரம் அல்ல. மனுஷன் போட்ட முத்திரையை இன்னொரு மனுஷன் உடைக்கலாம். தம்முடையவர்களை அறிந்திருக்கிற கர்த்தரின் முத்திரையை யாரும் உடைக்க முடியாது.

3. நமக்குக் கேட்கிற சுதந்தரத்தை மற்றவருக்கும் கொடுக்கவேண்டும். கத்தோலிக்கரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஹென்றியின் தாயார் ஆண்ட பெயார்ன் நாட்டிலே புராட்டஸ்டண்டுகளே கத்தோலிக்க ஆராதனையைத் தடைபண்ணினார்கள். கைக்கு அதிகாரம் வந்தால் நம் இருதயமும் இப்படித்தான். மத்தேயு 7:12-ஐ வாசித்துப் பாருங்கள்.

வீட்டில் சிந்திக்க

ஞாயிறு காலை ஆலயக் கதவு பூட்டியிருந்தால் என் வீட்டில் ஆராதனை நடக்குமா? பிள்ளைகளுக்கு மனப்பாடமாய் எத்தனை வசனம் தெரியும்? மைக்கும் கீபோர்டும் இல்லாமல் நமக்கு ஜெபிக்க வருமா?

பிரியமானவர்களே, கதவு திறந்திருக்கும்போதே இதற்குப் பதில் தேடுவோம். இந்த வாரமே குடும்ப ஜெபத்தைத் தொடங்குங்கள். 1787-ல் பிரான்ஸ் தேசத்து ராஜா, அவர்களுடைய விவாகத்தையும் பிறப்பையும் பதிவுசெய்ய மறுபடி ஒரு சட்டம் கொண்டுவந்தார். அப்போது பதிவுசெய்ய ஜனம் இருந்ததே! சட்டம் இல்லாத 102 வருஷமும் அவர்களைக் காத்தவர் நம்மையும் காப்பார். ஆமென்.