நாற்பத்து நான்கு குதிரைகளும் ஒரு கண்மாய்க் கரையும்

கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் நடந்து பார்த்திருக்கிறீர்களா? ஓரத்தில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நடுவே போகப் போக மேலே காய்ந்த ஏடு, அதன் கீழே இன்னும் ஈரம் உலராத வண்டல். அந்த ஏடு உங்களைத் தாங்கும். ஆனால் அதே இடத்தில் சைக்கிளில் ஏறி மிதித்தால், சக்கரம் ஏட்டை அறுத்துக்கொண்டு இறங்கிவிடும். எங்கள் கண்டரமாணிக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பாடப் புத்தகம் இல்லாமலே தெரிந்த சங்கதி. சைக்கிளையும் சேர்த்தால் எடை பதினைந்து கிலோதான் கூடுகிறது. அப்படியிருக்க, ஏன் புதைகிறது?

எடையை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அந்த எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்று பார்க்க வேண்டும். 50 கி.கி. எடையுள்ள ஒரு மாணவர் நடக்கும்போது ஒரு பாதம் ஏறத்தாழ 150 சதுர செ.மீ. பரப்பில் பதிகிறது. சதுர செ.மீ.க்கு மூன்றில் ஒரு கிலோ எடைதான் அழுத்தம். சைக்கிள் டயரிலோ நாம் சதுர செ.மீ.க்கு 2.8 கிலோ அளவுக்குக் காற்று அடிக்கிறோம். டயர் தரையில் பதியும் பரப்பை அதனுள் இருக்கும் காற்றே பெரும்பாலும் முடிவு செய்கிறது. மொத்த எடையான 65 கிலோவை 2.8ஆல் வகுத்தால் 23 சதுர செ.மீ. வருகிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து இரண்டு தீப்பெட்டி அளவு இடத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ஏன் அறுக்காது?

இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பிறந்ததுதான் ஏ.டி.வி. எனப்படும், எந்த நிலத்திலும் ஓடும் வண்டி. மோட்டார் சைக்கிள் போன்ற இருக்கை, கைப்பிடி. கீழே உப்பிய நான்கு சக்கரங்கள். 1970இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் ஒரு மூன்று சக்கர வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காமல் சும்மா இருந்த வியாபாரிகளுக்காக உருவாக்கியது அது. என்ஜின் 89 சி.சி.; திறன் வெறும் 7 குதிரை. ஆனால் டயர்கள் பலூன் போன்றவை. அதில் இருந்த புதுமையெல்லாம் அந்த டயரில்தான் இருந்தது. நான்கு சக்கர வண்டியை 1982இல் சுசுகி கொண்டுவந்தது. இந்தியாவுக்கு இந்த வண்டிகள் பரவலாக வந்தது பிற்பாடுதான். அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனம் 2011இல் இங்கே விற்பனையைத் தொடங்கியது.

அந்நிறுவனத்தின் 567 சி.சி. வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 44 குதிரைத்திறன். எடை சுமார் 320 கி.கி. ஓட்டுபவர் 70 கி.கி. என்றால் மொத்தம் 390. டயரில் காற்று எவ்வளவு தெரியுமா? சதுர செ.மீ.க்கு 0.4 கிலோ அளவுதான். கார் டயரில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. 390ஐ 0.4ஆல் வகுத்துப் பாருங்கள்: 975 சதுர செ.மீ. விரித்து வைத்த ஒரு செய்தித்தாளின் பாதிப் பக்கத்துக்கு மேல் வரும். நாலு ஆள் எடையை விடக் கூடுதலான அந்த வண்டி, மண்ணை அழுத்தும் அளவில் உங்கள் பாதத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்!

குதிரைகள் எங்கே போயின?

எங்கள் ஊர்த் தோப்பு ஒன்றுக்குச் சென்ற ஆண்டு இப்படி ஒரு வண்டி புதிதாக வந்து சேர்ந்தது. வாங்கியவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர். தேங்காயும் உரமூட்டையும் ஏற்றத்தான் வாங்கினார். ஆனால் வந்த மறுவாரமே, டயரைப் பெரிதாக்க வேண்டும், வண்டியை உயர்த்த வேண்டும், பின்னால் ஓர் இருக்கை போட வேண்டும் என்று ஆசை வளர்ந்துவிட்டது. அவருடைய தங்கை மகன், மேல்நிலை முதலாண்டு படிப்பவன், ஒரு நாள் என்னிடம் கேட்டான்: "சார், 44 குதிரை இழுக்கிற வண்டி, கண்மாய் மணலில் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்துவிட்டது. டிராக்டரை வைத்துத்தான் இழுத்தோம். இன்னும் பெரிய என்ஜின் வேண்டுமா?"

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே விடை காணலாம். வண்டியை முன்னே தள்ளுவது என்ஜின் அல்ல, தரைதான். டயர் மண்ணைப் பின்னே தள்ளுகிறது; மண் டயரை முன்னே தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. நெகிழ்ந்த மணலில் உராய்வுக் குணகம் 0.4 என்று கொள்வோம். நான்கு சக்கரமும் இழுத்தாலும், மண் திருப்பித் தரக்கூடிய மிகப் பெரிய விசை 390 × 9.8 × 0.4, அதாவது ஏறத்தாழ 1,530 நியூட்டன். வண்டி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்றால் திறன் 3,060 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, நான்கே நான்கு குதிரைக்குத்தான் அங்கே வேலை. மிச்சம் நாற்பது குதிரைகளையும் அவிழ்த்து விட்டால் அவை என்ன செய்யும்? சக்கரத்தைச் சுழற்றி மண்ணைத் தோண்டும். அந்தப் பையன் பார்த்தது அதைத்தான்.

மணலில் புதைந்தவன் செய்ய வேண்டியது முடுக்கியைத் திருகுவதல்ல. இறங்கிச் சுமையைக் குறைக்க வேண்டும். தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள் டயரில் சிறிது காற்றை இறக்க வேண்டும். சேற்றில் உழும் டிராக்டருக்கு நம் விவசாயிகள் இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறார்களே, அது இதே தத்துவத்தை நெடுநாளாகக் கையாளும் மாற்றம்தான். என்ஜினை யாரும் தொடுவதில்லை. சக்கரம் மண்ணைப் பிடிக்கும் விதத்தைத்தான் மாற்றுகிறார்கள்.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று

பெரிய டயர் போடும் ஆசையை இனிப் பார்ப்போம். 25 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றிவிட்டு 28 அங்குல டயர் மாட்டுகிறோம். அச்சுக்கு வரும் முறுக்குத்திறன் மாறவில்லை. ஆனால் அது தரையில் விசையாக வெளிப்படும்போது ஆரத்தால் வகுபடுகிறது. ஆரம் கூடியதால் இழுவிசை 25/28 ஆகிறது. நூற்றுக்கு 11 பங்கு நஷ்டம். பிரேக்கின் பிடிப்பும் அதே விகிதத்தில் குறையும். வேகமானி சுற்றுகளை எண்ணித்தானே வேகம் சொல்கிறது? அது 40 என்று காட்டும்போது வண்டி ஏறத்தாழ 45 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கனமான டயரைச் சுழற்ற பெல்ட் திணறிச் சூடாகும். பிறகு கிளட்சை மாற்றச் சொல்வார்கள். இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செலவு. பணம் போவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. கவலையெல்லாம் அடுத்து வருவதைப் பற்றித்தான்.

பெரிய டயரால் வண்டி ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. சட்டத்தைத் தூக்கும் உதிரிப் பாகங்களால் இன்னும் இரண்டரை அங்குலம். மொத்தம் 10 செ.மீ. பள்ளத்தில் அடிப்பாகம் இடிக்காது, பார்வைக்கும் கம்பீரம். ஆனால் ஈர்ப்பு மையம் எங்கே போனது?

மாற்றத்துக்கு முன் வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்திலும், உட்கார்ந்திருப்பவருடையது 105 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் எடைக்கேற்பச் சேர்த்துச் சராசரி கண்டால் 60 செ.மீ. வரும். இடது வலது சக்கரங்களுக்கு இடையே தூரம் 1 மீட்டர். பாதி 50 செ.மீ. வண்டி பக்கவாட்டில் சாயும்போது, ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு கீழ்ப்புறச் சக்கரத்தைத் தாண்டி விழுந்தால் வண்டி கவிழும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 50/60. கோணம் ஏறத்தாழ 40 பாகை.

வண்டியை 10 செ.மீ. தூக்கிய பின் அது 50/70. கோணம் 35½ பாகையாகக் குறைகிறது. இப்போது பின்னிருக்கையில் 60 கிலோ நண்பர் ஒருவரை ஏற்றுங்கள். அவருடைய ஈர்ப்பு மையம் 115 செ.மீ. உயரத்தில் இருக்கும். மொத்த மையம் 76 செ.மீ.க்கு ஏறிவிடுகிறது. 50/76, கோணம் 33.3 பாகை.

ஒன்றரை அடி கிடையாகப் போனால் ஒரு அடி உயரும் கண்மாய்க் கரை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவின் கோணம் 33.7 பாகை. கடையிலிருந்து வந்தபடியே இருந்த வண்டி, ஒற்றை ஆளோடு, அந்தக் கரையின் பக்கவாட்டில் கணக்குப்படி நிற்கும். உயர்த்தி, இருக்கை போட்டு, நண்பரையும் ஏற்றிய வண்டி கணக்குப்படியே உருண்டுவிடும். உண்மையில் நிலைமை இதைவிட மோசம். சரிவில் கீழ்ப்புற டயர் நசுங்கும், சுருள்வில் அமுங்கும், ஒரு கல்லில் மேல்புறச் சக்கரம் ஏறும். காகிதத்தில் நிற்கிற வண்டிகூடக் கரையில் நிற்காமல் போகலாம். 320 கிலோ எடை மேலே விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சமதரையில் திரும்பும்போதும் இதே பின்னம்தான் எல்லை வகுக்கிறது. 8 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், 50/60 என்ற வண்டி மணிக்கு 29 கி.மீ. வரை தாங்கும், 50/76 என்ற வண்டி 26 கி.மீ.க்கு மேல் தாங்காது. மூன்று கி.மீ.தானே என்று எண்ணாதீர்கள். 44 குதிரை பூட்டிய வண்டிக்கு அந்த மூன்று கி.மீ.யைக் கூட்டக் கண்சிமிட்டும் நேரம் போதும்.

பழைய மூன்று சக்கர வண்டிகளின் கதையும் இதுதான். அவற்றின் தாங்குதளம் முக்கோணம். முன்னே போகப் போகக் குறுகும். திருப்பத்தில் பிரேக் பிடித்தால் எடை முன்னே பாயும். அங்கே தாங்கச் சக்கரம் ஒன்றே ஒன்று. விபத்துகள் பெருகி, 1988இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி தயாரிப்பாளர்கள் அவற்றின் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள்.

ஓட்டுபவரும் ஒரு சுமைதான்

காரில் சாய்ந்து உட்காரலாம். இந்த வண்டியில் ஓட்டுபவர் உடம்பைச் சரிவுக்கு எதிர்ப்புறமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். 70 கிலோ ஆள் 20 செ.மீ. நகர்ந்தால் மொத்த ஈர்ப்பு மையம் 3.6 செ.மீ. நகரும். 40 கிலோ எடையுள்ள சிறுவன் அதே 20 செ.மீ. நகர்ந்தாலும் 2.2 செ.மீ.தான். அவன் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் வண்டியைத் திருத்தும் எடை அவனிடம் இல்லை. பெரிய என்ஜின் கொண்ட ஏ.டி.வி.யை 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டக்கூடாது என்று தயாரிப்பாளர்களே வண்டியில் எச்சரிக்கை ஒட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரியவர்கள் பொறாமையால் சொல்வதல்ல!

தார்ச்சாலையிலும் இதற்கு வேலையில்லை. பல ஏ.டி.வி.களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். கால் வட்டம் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 1.57 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். (எந்த ஆரமாக இருந்தாலும் இதே விடை வருவதைச் சரிபாருங்கள்.) மண்ணில் சக்கரம் சறுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தாரில் சறுக்காது, வண்டி திரும்ப மறுத்து நேரே இழுக்கும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. பெரும்பாலான மாதிரிகள் சாலைக்குப் பதிவு பெறாதவை. சொந்த நிலத்துக்குள் மட்டுமே ஓட்டலாம். பதிவுபெற்ற வண்டியிலும் தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக மாற்றம் செய்வதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. கண்மாய் சொந்த நிலமும் அல்ல. கரையில் டயர் கிழித்த தடம் ஒவ்வொன்றும் ஐப்பசி மழைக்கு ஒரு வாய்க்கால். நீர் அதே தடத்தில் ஓடி ஓடிக் கரையை அரிக்கும்.

அப்படியானால் மாற்றமே கூடாதா? தாராளமாகச் செய்யலாம், கீழ்நோக்கிச் செய்தால். அடிப்பாகத்தில் பாதுகாப்புத் தகடு பொருத்தினால் எடை தாழ்வாகச் சேர்கிறது. உரமூட்டையை மேல்தட்டில் அடுக்காமல் தாழ்வான இழுவை வண்டியில் ஏற்றலாம். இயந்திரத்தோடு விளையாட விரும்பும் மாணவர்களுக்கு முறையான களமும் இருக்கிறது. 2007இல் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் தொடங்கிய பாஹா போட்டியில், பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை ஆள் வண்டிகளோடு மோதுகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி அணிகளும் போகின்றன. நெடுங்காலம் எல்லா அணிக்கும் ஒரே 10 குதிரைத்திறன் என்ஜின்தான்; அதைத் திருத்தக் கூடாது. வெற்றியெல்லாம் எடையிலும், சக்கரத் தொங்கலிலும், ஈர்ப்பு மையத்திலும்தான்.

தோப்பு வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழைய டயரே இருக்கிறது, பின்னிருக்கை போடவில்லை. இப்போது மருந்து தெளிக்க 60 லிட்டர் தொட்டி ஒன்றைப் பின்தட்டில் பொருத்தியிருக்கிறார்கள். அந்தப் பையனுக்கு நான் கொடுத்த வேலையை உங்களுக்கும் தருகிறேன். ஒரு பொம்மை லாரியைப் பலகையில் பக்கவாட்டாக வையுங்கள். அது வழுக்காமல் இருக்கக் கீழ்ப்புறச் சக்கரங்களை ஒட்டி ஒரு குச்சியை ஆணியடித்துக்கொள்ளுங்கள். பலகையின் ஒரு விளிம்பை மெல்லத் தூக்கி, லாரி கவிழும் கோணத்தைக் கோணமானியால் அளந்து குறியுங்கள். பிறகு ஒரு சிறு டப்பாவை லாரி மேல் கட்டி, காலியாக, பாதி நீருடன், முழு நீருடன் என மூன்று முறை செய்யுங்கள். பாதி நீர் இருக்கும்போது, கவிழும் தறுவாயில் டப்பாவுக்குள் நீர் எந்தப் பக்கம் சேர்கிறது என்று பாருங்கள். அதே எடைக்குக் களிமண்ணை டப்பாவில் அமுக்கி வைத்து மீண்டும் ஒருமுறை அளந்து, இரண்டு கோணங்களையும் ஒப்பிடுங்கள்.