நுரையீரல் புற்றுநோய்: எந்த மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டுவது?

பயாப்ஸி ரிப்போர்ட்டில் அடினோகார்சினோமா, நான்காம் ஸ்டேஜ் என்று வந்துவிட்டால், கட்டியின் மரபணுவைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்வார். இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு ஜெஃபிடினிப் மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று 2004இல் தெரியவந்தது. இன்று ஏஎல்கே, ராஸ்1, பிராஃப், மெட், ரெட் என்று மருந்துள்ள மரபணுக்களின் வரிசை நீண்டுவிட்டது. சோதனைகளும் பெருகிவிட்டன.

விலையைப் பார்ப்பதற்கு முன் சதையைப் பாருங்கள். ஊசியில் வருவது நூலிழை போன்ற துணுக்கு. அதை பாரஃபின் பிளாக்கில் பதித்து, ஒவ்வொரு சோதனைக்கும் சீவி எடுப்பார்கள். ஒவ்வொரு மரபணுவாகப் பார்த்துக்கொண்டே போனால் பாதியிலேயே பிளாக் தீர்ந்துவிடும். மறுபடி ஊசி குத்த வேண்டும். எலும்பிலிருந்து எடுத்த சதையை வலுவான அமிலத்தில் ஊறவைத்தால் டிஎன்ஏ சிதைந்துவிடும். அதனால் பயாப்ஸிக்கு முன்பே, "மரபணுச் சோதனைக்கும் போதுமான அளவு எடுப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

கையில் பணம் குறைவென்றால் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1, இம்யூனோதெரபிக்காகப் பார்க்கும் பிடிஎல்1 ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவில் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. ஜெஃபிடினிப்பின் ஜெனரிக் மாத்திரையும் இங்கே கிடைக்கிறது. ரிசல்ட் சில நாளில் வந்துவிடும். ஆனால் இஜிஎஃப்ஆரைப் பார்க்கும் பிசிஆர் முறை, தான் தேடும் மாற்றங்களை மட்டுமே காட்டும். அரிய வகைகள் தப்பிவிடலாம்.

பணம் புரளுமானால் என்ஜிஎஸ் பேனலே மேல். இருக்கிற சதையில் எல்லா முக்கிய மரபணுக்களையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம். இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். ஐந்நூறு மரபணுப் பேனல் என்றதும் மயங்க வேண்டாம். முதல் சிகிச்சையை முடிவுசெய்ய ஐம்பது மரபணு அளவிலான பேனலே பெரும்பாலும் போதும். நான் எண்ணிக்கையை விட, அதில் ஆர்என்ஏ சோதனையும் சேர்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் மாற்றங்கள் அதில்தான் நன்றாகத் தெரியும்.

ரத்தத்தில் பார்க்கும் லிக்விட் பயாப்ஸி, சதை போதாதபோதும் மறுபடி ஊசி குத்த உடம்பு தாங்காதபோதும் உதவும். மாற்றம் தெரிந்தால் நம்பி மருந்து தொடங்கலாம். தெரியவில்லை என்றால் இல்லை என்று ஆகாது. கட்டியின் டிஎன்ஏ ரத்தத்தில் போதுமான அளவு கலந்திருக்க வேண்டும். மூளையில் மட்டும் பரவியிருந்தால் பெரும்பாலும் அது கிடைக்காது. மாத்திரை கேட்காமல் போகும்போதும் முதலில் ரத்தத்தைப் பார்ப்பது நல்லது. ஆனால் புற்றுநோய் சிறுசெல் வகையாக உருமாறிவிட்டதா என்பது சதையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

காத்திருக்கும் நாட்கள்தான் குடும்பத்தை வாட்டும். மூச்சுத்திணறல் அதிகமென்றால் ரிசல்ட்டுக்கு முன்பே கீமோ தொடங்க டாக்டர் முடிவெடுக்கலாம். இம்யூனோதெரபி ஊசியை மட்டும் இஜிஎஃப்ஆர் ரிசல்ட் வரும்வரை தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த ஊசி போட்ட கொஞ்ச நாளிலேயே இஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரையைக் கொடுத்தால் நுரையீரலில் கடுமையான அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் ரிப்போர்ட்டோடும் ஸ்லைடுகளோடும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சோதனைக்கு அதில்தான் சதை இருக்கிறது.