பேசா உயிரின் நெஞ்சொலி



ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். இவற்றுள் ஔஷத தானம் செய்வதற்கு முன் நோய் இன்னதென்று அறிதல் வேண்டும். மனிதன் மார்பு வலிக்கிறது என்று வாய் திறந்து கூறுவான். மாடு என் செய்யும்? விலங்குகளின் இதய நோயைக் கண்டறியக் கால்நடை மருத்துவர்கள் எவ்வாறு பயிற்றப்படுகின்றனர் என்பதையும், அப்பயிற்சி பயன்தர நாம் செய்யவேண்டுவது யாது என்பதையும் இப்பாடத்திற் காண்போம்.

மீஞ்சூரில் நாம் கண்டது

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது மீஞ்சூர். வயல்களும் ஆலைகளும் அடுத்தடுத்து அமைந்த பகுதி அது. சில ஆண்டுகளுக்கு முன், அங்கே நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தாரின் கறவைப் பசு தீவனத்தை வெறுத்தது; பாலும் குறைந்தது. செரியாமை என்று எண்ணி வீட்டு மருந்து கொடுத்து வந்தனர். இரண்டு வாரம் சென்றபின் அலைதாடி வீங்கியது. அப்போதுதான் மருத்துவரை அழைத்தனர்.

அவர் பசுவின் இடது முழங்கைக்கு உட்புறம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பின்னர் நம்மையும் கேட்கச் செய்தார். தெளிவான இருவகை ஒலிக்கு மாறாக, பாதி நிறைந்த குடத்தில் நீர் அலம்புவது போன்ற ஓசையே கேட்டது. விழுங்கிய கம்பி இதயத்தை எட்டிவிட்டது என்றார். அப்பசு பிழைக்கவில்லை.

கம்பி சென்ற வழி

ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடோ நாவால் வளைத்து வாரி, நன்கு மெல்லாமலே விழுங்கிப் பின்னர் அசைபோடும். ஆதலால் தீவனத்தில் கிடக்கும் ஆணியும் கம்பித் துண்டும் உடன் சென்றுவிடும். கனமான அப்பொருள்கள், தேன்கூடு போன்ற உட்சுவரையுடைய வயிற்றறையில் தங்கும். அவ்வறைக்கு முன்னே உதரவிதானம். அதற்கு அப்பால் சில அங்குலத் தொலைவில் இதயம். வயிறு சுருங்கி விரியும்போது கூரிய கம்பி சுவரைத் துளைத்து முன்னேறும். இதயத்தைச் சூழ்ந்த உறையில் அது புகுந்தால் சீழும் நீரும் சேர்ந்து இதயத்தை நெருக்கும். கட்டடப் பணியும் ஆலைக் கழிவும் மிகுந்த ஊர்களில் இவ்விடர் மிகுதி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மருத்துவர் பெறும் பயிற்சி

நம் மாநிலத்தில் இக்கல்விக்கு நீண்ட மரபு உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு வேப்பேரியில் தொடங்கப்பெற்றது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் தலைமையிடம் மீஞ்சூருக்கு அணித்தான மாதவரம் பால்பண்ணைப் பகுதியிலேயே உள்ளது. பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டுகள். அதில் இறுதி ஓராண்டு நேரடிப் பயிற்சி.

மாணவர் முதலில் நலமுள்ள விலங்கின் இதயத்தை அறிகின்றார். ஓய்வாக நிற்கும் பசுவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 80 துடிப்புகள். குதிரைக்கு 28 முதல் 44. இவ்வியல்பு செவியிற் பதிந்தாலன்றி மாறுபாடு புலப்படாது. பின்னர் நான்கு படிகளில் சோதனை கற்பிக்கப்படுகிறது.

முதலாவது காண்டல்: கழுத்துச் சிரை புடைத்துள்ளதா, முழங்கைகளை அகட்டி நிற்கிறதா, சரிவில் இறங்கத் தயங்குகிறதா எனப் பார்ப்பது. இரண்டாவது தொடுதல்: நாடியை எண்ணுவது, முதுகின் முன்மேட்டைக் கிள்ளி அழுத்திப் பார்ப்பது. நலமுள்ள பசு முதுகைத் தாழ்த்தும். உள்ளே வலியுடைய பசு தாழ்த்தாமல் முனகும். மூன்றாவது தட்டல்: மார்பைத் தட்டி, மந்த ஒலி எழும் பரப்பு விரிந்துள்ளதா என அறிவது. நான்காவது கேட்டல். நாயின் இதயத்தில் கேட்கும் இரைச்சலை அதன் வலிமைக்கேற்ப ஆறு படிகளாகப் பிரித்துணரவும் செவியைப் பழக்குகின்றனர்; முதற்படி இரைச்சல் அமைதியான அறையில் பொறுமையாகக் கேட்பவர்க்கே எட்டும். சிறு இன நாய்களுக்கு முதுமையில் வரும் இதய வால்வுக் கோளாறு பெரும்பாலும் இவ்விரைச்சலாலேயே முதலில் தெரிகிறது.

கருவிகளின் துணையும் உண்டு. 1909இல் இலண்டனில் வாலர் என்னும் அறிஞர், தம் நாய் ஜிம்மியின் பாதங்களை உப்பு நீரில் நிறுத்தி, அதன் இதய மின்னோட்டத்தைப் பலர் முன் காட்டினார். இது கொடுமை அன்றோ என நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. நாய்க்கு வலி ஏதுமில்லை என விளக்கம் தரப்பட்டது. இன்று இ.சி.ஜி., எக்ஸ்-ரே, ஒலியலைப் படம் ஆகியவை உடலைக் கீறாமல் உள்ளிருப்பதைக் காட்டுகின்றன. எனினும் இக்கருவிகள் எல்லா ஊர்களிலும் இல்லை. தொழுவத்தில் நிற்கும் மருத்துவர்க்குப் பழகிய செவியே முதற்கருவி.

நம் கடமை

அச்செவி உரிய காலத்தில் பசுவின் அருகே வரவேண்டும். கம்பி வயிற்றளவில் நிற்கும்போதே கண்டறிந்தால், அறுவை செய்து எடுக்கலாம். காந்தத் துண்டை விழுங்கச் செய்து கம்பியை அங்கேயே நிறுத்தவும் இயலும். இதய உறையை எட்டியபின் பிழைப்பது அரிது. மீஞ்சூர்ப் பசு இழந்த இரண்டு வாரம் எவ்வளவு பெரியது என்பதை எண்ணுக!

ஆகவே, பசு தீனி வெறுத்துப் பாலும் குறைந்து முனகுமாயின், மறுநாளே மருத்துவரிடம் காட்டுக. தீனி குறைந்த நாள், பால் குறைந்த அளவு, அருகில் நடந்த கட்டட வேலை ஆகியவற்றை மறவாது கூறுக. நோயறிதலில் பாதி, உடையவர் சொல்லும் செய்தியே. கோமாரி நோய் இளங்கன்றின் இதயத் தசையைத் தாக்கித் திடீரென உயிரைப் பறிக்கக்கூடும்; தடுப்பூசியைத் தவறவிடலாகாது. ஆணி, கம்பி, ஊசி ஆகியவற்றைக் குப்பையிலோ வைக்கோலிலோ எறியலாகாது.

கொல்லும் எண்ணம் இல்லாதபோதும், கவனமின்மையால் உயிர்க்கு ஊறு நேரின் அதுவும் ஹிம்சையே என்று நம் ஆகமங்கள் வரையறுக்கின்றன. நாம் எறியும் ஒரு துண்டுக் கம்பியும் அவ்வரையறைக்குள் அடங்கும். உயிரியல் பயிலும் நம் இளைஞருள் சிலரேனும் கால்நடை மருத்துவத்தைத் தேர்ந்தெடுப்பாராக. பேசா உயிரின் நெஞ்சொலியைக் கேட்கப் பழகிய செவி, ஔஷத தானத்தையும் அபய தானத்தையும் ஒருங்கே செய்யவல்லது.