உறையும் நீரும் உடையும் குழாயும்

பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும் என்று பள்ளியில் படித்தோம். நீர் இவ்விதிக்கு ஓரளவே கட்டுப்படுகிறது. 4 டிகிரி செல்சியஸ் வரை சுருங்கும் நீர், அதற்குக் கீழே விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடிவிடுகிறது. ஏரியில் பனிக்கட்டி மேலே மிதக்க, அடியில் மீன்கள் உயிர்வாழ்வது இப்பண்பினாலேயே. மீனைக் காக்கும் அதே பண்பு வீட்டுக் குழாயை உடைத்தும் விடுகிறது.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இதனால் பெருந்துன்பம் அடைந்தது. வெப்பம் மிகுந்த அம்மாநிலத்தில் பல வீடுகளின் குழாய்கள் கூரைக்கு அடியிலும் வெளிச்சுவர்களிலும் போதிய காப்பின்றிச் செல்கின்றன. டல்லாஸ் விமான நிலையத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 19 டிகிரி வரை இறங்கியது. 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது. வீடுகள் குளிர்ந்தன, குழாய்கள் வெடித்தன, குடிக்க நீரின்றி மக்கள் தவித்தனர்.

பனிக்கட்டி உள்ள இடத்திலேயே குழாய் உடைகிறது என்று எண்ணுவோம். பெரும்பாலும் அவ்வாறன்று. உறைந்த பகுதி ஒரு தக்கைபோல் குழாயை அடைத்துக்கொள்கிறது. அது வளர வளர, அதற்கும் மூடிய திருகுக்கும் இடையே அகப்பட்ட நீர் நெருக்கப்படுகிறது. நீரை எளிதில் அமுக்க இயலாது. ஆகவே அழுத்தம் பன்மடங்கு உயர்ந்து, வலுவற்ற இடத்தில் குழாய் பிளக்கிறது.

காரணம் விளங்கினால் காக்கும் வழியும் விளங்கும். குழாய்களின்மேல் நுரைப்பொருள் உறை சுற்றலாம். ஆனால் உறை வெப்பம் தருவதில்லை; குளிர்வதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. கடுங்குளிர் இரவில் திருகைச் சிறிது திறந்து நீரைச் சொட்டவிட்டால் அழுத்தம் தணியும். இது வீட்டுக்கு நல்லது. ஆனால் ஊரார் அனைவரும் செய்தால் பொது நீரழுத்தம் குறையும். அந்நாட்களில் ஹூஸ்டன் நகர நிர்வாகம் நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. அத்தகைய வேளையில் தலைமைத் திருகை மூடி, குழாய்களிலுள்ள நீரை முற்றிலும் வடித்துவிடுவதே தக்கது. வெற்றுக் குழாயில் உறைவதற்கு எதுவுமில்லை.

உறைந்துவிட்ட குழாயை நெருப்பால் சுடலாகாது. திருகைத் திறந்துவைத்து, அம்முனையிலிருந்து வெந்நீர்த் துணியால் மெல்ல இளக்க வேண்டும்.

மேற்படிப்புக்காகக் குளிர்நாடு செல்லும் நம் மாணவர்கள், தங்கும் வீட்டில் தலைமைத் திருகு எங்குள்ளது என்பதை முதல் நாளே கேட்டறிவார்களாக. குழாய் வெடித்த பின் அதைத் தேடிப் பயனில்லை.