கல்லீரலும் பித்தநீரும்: ஊசி மருந்து மாட்டின் உடலைவிட்டு நீங்கும் வழி

கறவைப் பசுவுக்குக் காய்ச்சல் கண்டு கால்நடை மருத்துவர் ஊசி போட்டபின், இரண்டொரு நாளில் பசு அசைபோடத் தொடங்கிவிட்டால், மருந்தின் காரியம் முடிந்ததென்று கருதிப் பாலை விற்பனைக்கு அனுப்புதல் பலரிடமும் காணப்படும் வழக்கமாகும். நோய் நீங்கிய நாளும் மருந்து நீங்கும் நாளும் ஒன்றல்ல.

ஆன்டிபயாடிக் மருந்துகள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவியபின் வெளியேறுதற்குரிய முக்கிய வழிகள் இரண்டு. பெனிசிலின் பெரும்பாலும் சிறுநீருடன் கழியும். டெட்ராசைக்ளின் இனத்து மருந்துகள் சிறுநீரிலும் பித்தநீரிலும் செல்லும். எரித்ரோமைசின் முக்கியமாகப் பித்தநீரையே நாடும்.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இரைப்பை, குடல் முதலிய உறுப்புகளிலிருந்து வருவது. அவ்விரத்தம் கல்லீரல் அணுக்களின் ஓரமாகச் செல்லுங்கால், அணுவின் அப்புறத்திலுள்ள சில புரதங்கள் மருந்தைப் பற்றி உள்ளே கொணர்கின்றன. உள்ளே சில மருந்துகள் மாறுதலின்றியே நிற்கும். வேறு சில, குளுக்குரானிக் அமிலத்தோடு சேர்க்கப்பட்டு, நீரில் எளிதிற் கரையும் பொருளாகும். அணுவின் மற்றொரு புறத்தில் மயிரிழையினும் நுண்ணிய பித்தவாய்க்கால் உளது. அங்குள்ள வேறு புரதங்கள், ஏற்றம் பள்ளத்து நீரை மேட்டுக்கு இறைப்பதுபோல், சக்தியைச் செலவிட்டு மருந்தை அவ்வாய்க்காலுக்குள் தள்ளுகின்றன. ஆகையாலேயே சில மருந்துகள் இரத்தத்தில் உள்ளதைக் காட்டிலும் பித்தநீரில் பன்மடங்கு செறிந்து காணப்படுகின்றன.

இவ்வாய்க்கால்கள் ஒன்றுகூடிப் பித்தநீரைச் சிறுகுடலில் சேர்க்கும். பசுவிற்குப் பித்தப்பையும் உண்டு. குதிரைக்கு அஃது இல்லை. குடலை அடைந்த மருந்து முழுவதும் சாணத்தோடு போய்விடுமென்று எண்ணலாகாது. ஒரு பகுதி குடற்சுவரால் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும். அமிலத்தோடு சேர்ந்து வந்த மருந்தையும் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் பிரித்து விடுவித்துத் திரும்பச் செய்தலுண்டு. இச்சுழற்சி மீண்டும் மீண்டும் நிகழுங்கால் மருந்து உடலில் நீடிக்கும். இரத்தத்தில் எஞ்சியதில் சிறிது மடியை அடைந்து பாலிலும் இறங்கும்.

கல்லீரல் பழுதுற்ற மாட்டில் நிலைமை இன்னும் மோசம். குளம் குட்டையோரங்களில் மேய்ந்து ஈரற்புழு கண்ட மாடுகளில் பித்தக்குழாய்கள் தடித்து, சில வேளை சுண்ணமும் படிந்திருக்கும். பித்த வழியே கழியும் மருந்து அவற்றில் தாமதித்தே நீங்கக்கூடும். இத்தகைய மாட்டைப் பற்றி ஊசி போடுமுன்னரே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

பாலைக் காய்ச்சுவதால் மருந்தெச்சம் முற்றும் அழியாது. அப்பாலில் உறைமோர் இட்டாலும் தயிர் சரிவர உறையாமற் போவதுண்டு. சங்கத்தின் பெருங்கலத்தில் ஒருவர் அதனைச் சேர்த்தால் அயலார் பாலும் கெடும். பெனிசிலின் ஒவ்வாதவர்க்கு அது தீங்காகவும் முடியும்.

இந்திய மருந்து விதிகளில் 2012-ஆம் ஆண்டு செய்யப்பெற்ற திருத்தத்தின்படி, உணவுக்குரிய கால்நடைகளின் மருந்துக் கொள்கலத்தின் மேலொட்டிய சீட்டில், பாலையும் இறைச்சியையும் விலக்கவேண்டிய நாட்கள் குறிக்கப்பெறுதல் வேண்டும். ஆராய்ந்து உறுதிசெய்த தனிக் கணக்கு இல்லாத மருந்திற்குப் பாலுக்கு 7 நாட்களும், ஈரல் முதலியவற்றோடு கூடிய இறைச்சிக்கு 28 நாட்களும் குறைந்த அளவாகும். பசு தேறிய நாளிலிருந்தன்று, கடைசி ஊசி போட்ட நாளிலிருந்தே இதனை எண்ணுதல் வேண்டும். சங்கத்தாரும் கிராம அலுவலரும் இக்கணக்கை ஊராருக்கு எடுத்துரைத்தல் நலம்.

விலக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டுவதும் நன்றன்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் கன்றின் குடலில் பெருக அஃது இடமளிக்கும். சிகிச்சைக் காலத்துச் சாணத்திலும் மருந்து கலந்திருப்பதால், அதனைப் பச்சையாக வயலில் இடாமல், எருக்குழியில் நன்கு மக்கவிட்ட பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.